பையனுக்கு ரெண்டே முக்கால் வயசு, பேச்சு வரலை. மலையாளத்த நிறுத்தணுமா?

கொழிஞ்சாம்பாறை அம்மா
திங்கள் ராத்திரி 11:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் தான் வருவேன், இன்னிக்கு தான் எழுதறேன். பாப்பா இப்பதான் கண்ண மூடினா, எப்ப எந்திரிப்பான்னு தெரியாது, அதனால எழுத்து முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்களுக்கு கேரளா பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்ல தமிழ் தான். பெரியவனுக்கு ரெண்டே முக்கால் வயசு, சின்னவளுக்கு அஞ்சு மாசம். அவங்கப்பா கோயமுத்தூர்ல பம்பு கம்பெனி வேலை, விடியக்காலம் வேலந்தாவளம் வழியா போற பஸ்ஸ பிடிச்சா ராத்திரி எட்டரைக்கு தான் வீடு. பகல் பூரா நானும் ரெண்டு குழந்தைகளும் அத்தையும் தான். அத்தைக்கு முட்டி வலி, தூக்கி வச்சுக்க முடியாது.

பக்கத்து வீட்ல மலையாளி அம்மூம்மா ஒருத்தங்க இருக்காங்க. காலைல பாப்பாவ குளிக்க வைக்கற நேரம் வேலி ஓரமா வந்து "வா மோனே, பூச்சய காணாம்"னு, பூனைய பாக்கலாம் வாடான்னு கூப்பிடுவாங்க, இவன் ஓடிருவான். ஒரு மணி நேரம் அவங்க கூட இருந்து பழம் தின்னுட்டு வருவான். அந்த ஒரு மணி நேரத்துல தான் நான் துணி துவைச்சு சோறு வடிச்சு முடிக்கறேன்.

போன வாரம் குழந்தைங்களுக்கு குடுக்கற சத்து மாவு, அமிர்தம் பொடி வாங்க அங்கன்வாடி போயிருந்தேன். டீச்சர் இவன்கிட்ட என்னமோ கேட்டாங்க, இவன் என் சேலைக்குள்ள ஒளிஞ்சுட்டான். "மோன் ஒந்நும் பறயுந்நில்லல்லோ"ன்னு, பையன் ஒண்ணுமே பேசலையேன்னு மெதுவா சொன்னாங்க. நல்ல மனசோட தான் சொன்னாங்க, ஆனா வீடு வர வரைக்கும் எனக்கு கண்ணுல தண்ணி. உண்மை தான், ஏதோ சில வார்த்தை தான் சொல்றான், ரெண்டு வார்த்தைய சேத்து சொன்னதே இல்லை. தண்ணி வேணும்னா என் விரல பிடிச்சு இழுத்துட்டு போய் குடத்த காட்டுவான்.

அத்தை என்ன சொல்றாங்கன்னா, வீட்ல ஒரு பாஷை வெளில ஒரு பாஷைன்னு இருந்தா குழந்தை குழம்பிரும், இனி அம்மூம்மா வீட்டுக்கு அனுப்பாதேங்கறாங்க. வசம்பு உரசி நாக்குல தடவணும்னும் சொல்றாங்க. அவங்களும் பேரன் மேல இருக்கற பாசத்துல தான் சொல்றாங்க. எனக்கு தான் ஒண்ணும் பிடிபடலை. நிஜமாவே மலையாளத்த நிறுத்தணுமுங்களா?

இவன் ரொம்ப பாசமான குழந்தைங்க. நான் பேசினா ரெண்டு கையாலயும் என் தாடைய பிடிச்சு மூஞ்சிய அவன் பக்கம் திருப்பி வாயையே பாத்துட்டு இருப்பான். பாப்பா இவன பாத்தா மட்டும் தான் சத்தம் போட்டு சிரிப்பா. இந்த மழை ஆரம்பிச்சதுல இருந்து மாசா மாசம் சளி வேற, ராத்திரி வாய தொறந்துட்டு குறட்டை விட்டு தூங்கறான். எதுக்கு இதெல்லாம் எழுதறேன்னு தெரியலை, மனசுல இருக்கறத கொட்டிட்டேன்.

கோபாலபுரம் சரசு
செவ்வாய் காலை 6:15

தங்கச்சி அழாத சாமி. என் பெரியவன் மூணரை வயசு வரைக்கும் வாயே தொறக்கலை, இப்ப காலேஜ் போறான், பேச்ச நிறுத்த சொன்னா நிறுத்த மாட்டான். ஆம்பளப் பசங்க கொஞ்சம் லேட்டா தான் பேசும். எங்கம்மா எனக்கு வசம்பு தடவினாங்க, நானும் தடவினேன், ஒண்ணும் ஆகலை. அந்த அம்மூம்மாகிட்ட இருந்து மட்டும் பிள்ளைய பிரிச்சுராத, அப்படி ஒரு மனுஷி கெடைக்கறது லேசு இல்லை.

மீனாட்சிபுரம் டீச்சர்
செவ்வாய் மதியம் 1:20

சரசு அக்கா, உங்க பையனுக்கு நல்லபடியா ஆச்சு, சந்தோஷம். ஆனா "தானா வந்துரும்"னு மட்டும் இந்த தங்கச்சிகிட்ட சொல்லிராதீங்க, அப்படி சொல்லித்தான் எனக்கு ஒரு வருஷம் போச்சு.

தங்கச்சி, நீங்க கடைசில எதுக்குன்னு தெரியலைன்னு எழுதினீங்களே, எனக்கு அதுல தான் கண்ணு போச்சு. தாடைய திருப்பி வாய பாக்கறான். மாசா மாசம் சளி. வாய தொறந்துட்டு குறட்டை. என் மகளும் அப்படியே தான் இருந்தா. என் கன்னத்த பிடிச்சுட்டு வாயவே பாத்துட்டு இருப்பா, கொஞ்சறான்னு நெனச்சு நானும் முத்தம் குடுத்துட்டு இருந்தேன். டிவி சத்தத்த ஏத்தி வச்சா பிடிவாதம்னு அடிச்சும் இருக்கேன், அத நெனச்சா இன்னிக்கும் நெஞ்சு வலிக்குது. கடைசில பாத்தா காது ஜவ்வுக்கு பின்னாடி ரெண்டு பக்கமும் நீர் கட்டி நின்னிருக்கு. காது செவிடு இல்லை, ஆனா தண்ணிக்குள்ள முங்கிட்டு இருக்கறப்ப வெளில பேசறது எப்படி கேக்கும், அப்படித்தான் அவளுக்கு நாங்க பேசறது கேட்டிருக்கு. வலி இருக்காது, சீழ் வராது, அதனால வெளில தெரியாது. சத்தம் போட்டு கூப்பிட்டா திரும்புவாங்க, அதனால நமக்கும் சந்தேகம் வராது.

சளி அடிக்கடி பிடிக்கற குழந்தைங்களுக்கும், மூக்குக்கு பின்னாடி இருக்கற அடினாய்டு சதை பெருத்த குழந்தைங்களுக்கும் இது ரொம்ப சகஜம்னு டாக்டர் சொன்னாரு. குறட்டையும் வாயால மூச்சு விடறதும் அந்த சதையாலயும் வருமாம். படுக்க வச்சு பாட்டில்ல பால் குடுக்கறதும் ஒரு காரணம், அது இருந்தா நிறுத்துங்க.

அதனால முதல்ல காது. டிம்பனோமெட்ரின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, காதுல ரப்பர் முனை வச்சு காத்து அழுத்தம் பாப்பாங்க, ஒரு காதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது, வலிக்காது. தேவைப்பட்டா பேரான்னு இன்னொண்ணு, சத்தம் காது நரம்பு வழியா மூளைக்கு போகுதான்னு பாக்கறது, அது குழந்தை தூங்கறப்ப எடுக்கறது. தனியாருக்கு தான் போகணும்னு இல்லை. 2013ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே.ங்கற குழந்தைங்க உடல்நல அரசு திட்டத்துல பிறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் இந்த மாதிரி குறை எல்லாம் இலவசமா பாக்கறாங்க, அதுக்குன்னு மாவட்ட அளவுல டி.இ.ஐ.சி.ன்னு, குறைய சீக்கிரமே கண்டுபிடிச்சு சரி பண்ற ஒரு சென்டர் இருக்கும். உங்க ஊர் சுகாதார வேலை பாக்கற ஆஷா சேச்சியயோ அங்கன்வாடி டீச்சரயோ கேட்டா எங்க எப்படி போகணும்னு சொல்லிருவாங்க. அந்த டீச்சர் மேல வருத்தப்படாதீங்க, கண்ணுல பட்டத சொல்லாம விட்டிருந்தா தான் தப்பு.

அப்புறம் காதுல எண்ணெய் ஊத்தாதீங்க. வசம்போட தேன் குழைச்சு பாப்பா நாக்குலயும் வைக்க சொல்வாங்க, ஒரு வயசுக்குள்ள தேன் கண்டிப்பா கூடாது.

புளியரை அப்பா
செவ்வாய் ராத்திரி 9:50

வணக்கம். பாஷை விஷயத்துக்கு மட்டும் நான் சொல்லுதேன். எனக்கு தமிழ்நாட்டு ஓரத்துல புளியரை, வீட்டுக்காரிக்கு கேரளால புனலூர். ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப்பக்கம் ஒரு பாஷை இந்தப்பக்கம் ஒரு பாஷைன்னு சொன்னாலும் எங்க ஊர்ல அப்படி கோடு போட்டு பிரிக்க முடியாது, செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சில தானே இருந்துச்சு. எங்க ஆச்சி கடைசி வரைக்கும் மலையாளத்துல தான் கணக்கு கூட்டுவா.

எங்க மககிட்ட நான் தமிழ், அவ அம்மா மலையாளம், பிறந்ததுல இருந்தே. ரெண்டு வயசுல ரெண்டையும் கலந்து கட்டி பேசினா. ஒரு நாள் ஆச்சிகிட்ட போய் "பனி, பனி"ன்னு சொல்லிருக்கா, ஆச்சிக்கு மலையாளமும் தெரியும்ங்கதால உடனே நெத்திய தொட்டு பாத்து காய்ச்சல்னு கண்டுபிடிச்சா. நான் ஆயிருந்தா குளிருதுன்னு நெனச்சு போர்வைய தான் போத்தியிருப்பேன். கலந்து பேசுதது குழப்பம் இல்லை, எந்த வார்த்தை கைல கெடைக்கோ அத எடுத்து பேசுது குழந்தை. நாலு வயசுல தானா பிரிஞ்சிட்டு. இப்ப என்கிட்ட ஒரு மலையாள வார்த்தை வராது.

ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்டயே கேட்டோம். ரெண்டு பாஷை கேக்கதால பேச்சு தாமதம் ஆகாதுன்னு தெளிவா சொன்னாங்க. ஆனா ஒண்ணு, வார்த்தைய எண்ணும்போது ரெண்டு பாஷையயும் சேத்து எண்ணணும். ரெண்டு வயசுல சுமாரா 50 வார்த்தை, ரெண்டு வார்த்தை சேத்து சொல்லுதது, இது ரெண்டும் இருக்கான்னு பாக்கணுமாம். நீங்க தமிழ மட்டும் எண்ணிட்டு இருந்தீங்கன்னா கணக்கு தப்பிரும். காலண்டர் பின்னாடி எழுதி பாருங்க. அம்மூம்மா வீட்டுக்கு போறத நிறுத்தினா பாஷை மட்டுமா போகும், பிள்ளைக்கு ஒரு ஆளே போயிரும்லா.

கொழிஞ்சாம்பாறை அம்மா
புதன் மதியம் 2:30

படிச்சுட்டு நேத்து ராத்திரி தூங்கலைங்க. டீச்சர் அக்கா, டிவி சத்தம்னு நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிருச்சு, இவனும் டிவி முன்னாடி போய் ஒட்டி நிப்பான். இன்னிக்கு காலைல பின்னாடி நின்னு மெதுவா பேர் சொல்லி கூப்பிட்டேன், திரும்பலை. பிஸ்கட்டுன்னு மெதுவா சொன்னேன், அதுக்கும் திரும்பலை. அவன் முன்னாடி உக்காந்து அதே மாதிரி மெதுவா சொன்னேன், உடனே கைய நீட்டறான். நான் உள்ள போய் அழுதுட்டு வந்தேன்.

காலண்டர்ல எழுதினோம், நானும் அத்தையும். நான் எண்ணினப்ப 19 தான் வந்துச்சு. அப்புறம் வேலிகிட்ட போய் அம்மூம்மாவ கேட்டேன், அவங்க விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க, வெள்ளம், பூச்ச, காக்க, மதி, தேங்ங, எனக்கு தெரியாமயே இவன் அங்க 15 சொல்றான்! மொத்தம் 34. "ஆன"ன்னு ஒண்ணு சொல்றான், அது நம்ம ஆனையா அவங்க ஆனயான்னு ரெண்டு பேருக்கும் தெரியலை, ஒண்ணாவே எழுதிக்கிட்டோம். அத்தை பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தாங்க, ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரத்துல அவங்களே அம்மூம்மாவுக்கு வேக வச்ச கடலை குடுத்து விட்டாங்க.

ஆஷா சேச்சிக்கு போன் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை போறோம், அவரு லீவு போட்டிருக்காரு.

வண்டிப்பெரியாறு தோட்டத்துப் பொண்ணு
புதன் ராத்திரி 10:05

அக்கா நான் உங்களுக்காக தான் எழுதறேன், குழந்தைக்கு என்ன செய்யணும்னு மத்தவங்க சொல்லிட்டாங்க. எனக்கும் ரெண்டு, ஒண்ணே முக்கா வருஷம் தான் வித்தியாசம். எஸ்டேட் லயத்துல ஒரு ரூம், மழை நாள்ல துணி காயாது, ஈரத் துணி வாசத்துலயே ரெண்டையும் அணைச்சுட்டு படுத்து கிடப்பேன். அம்மா கொழுந்து எடுக்க போயிட்டா எனக்கு பேச கூட ஆள் இல்லை. அந்த நேரத்துல பெரியவளுக்கு போன குடுத்து உக்கார வச்சேன், வேற வழி தெரியலை. ரெண்டு வயசுக்கு கீழ போனே வேண்டாம், ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் அதிகபட்சம் ஒரு மணி நேரம்னு குழந்தை டாக்டருங்க சொல்றத அப்புறம் தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா அத தெரிஞ்சுக்கிட்டு நான் என்னையே திட்டிட்டு இருந்தது தான் மிச்சம், யாருக்கும் அதால நல்லது நடக்கலை.

அப்புறம் ஒரு நர்ஸ் சேச்சி சொல்லி குடுத்தாங்க. தனியா உக்காந்து சொல்லிக் குடுக்க உங்களுக்கு நேரம் இருக்காது, செய்யற வேலையவே சொல்லுங்கன்னு. வெங்காயம் உரிக்கறப்ப அவள எதிர்ல உக்கார வச்சு, என் மூஞ்சி தெரியற மாதிரி, "வெங்காயம்... தோலு... போடு"ன்னு. அவ "போ"ன்னாலும் "ஆமா, தோலு போடு"ன்னு நான் ஒரு வார்த்தை கூட்டி சொல்வேன். சொல்லு சொல்லுன்னு நச்சரிக்க கூடாது, கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா காத்திருக்கணும். அந்த காத்திருக்கறது தான் கஷ்டம், நமக்கு பதில் சொல்லிர தோணும். உங்க பையனுக்கு காது எப்படி இருந்தாலும் இது உதவும், முன்னாடி உக்காந்து பேசுங்க.

பாப்பா தூங்கறப்ப நீங்களும் படுங்க. துணி நாளைக்கு துவைச்சுக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை அம்மா
சனி ராத்திரி 11:10

போயிட்டு வந்தோமுங்க. ரெண்டு காதுலயும் நீர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அடினாய்டும் கொஞ்சம் பெருசா இருக்காம். நரம்புல கோளாறு இருக்கற மாதிரி தெரியலைன்னாங்க, அத கேட்டப்ப தான் அவரு என் கைய பிடிச்சாரு, அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. நிறைய குழந்தைங்களுக்கு மூணு மாசத்துக்குள்ள தானா வத்திரும், மூணு மாசம் கழிச்சு திரும்ப பாப்போம், அப்பவும் நீர் நின்னா காது ஜவ்வுல சின்னதா குழாய் வைக்கறத பத்தி பேசலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அது வரைக்கும் ஸ்பீச் தெரபிக்கு கூட்டிட்டு வரணும். மலையாளத்த நிறுத்தணுமான்னு கேட்டேன். "எதுக்கு நிறுத்தணும், யார் யார் பேசறாங்களோ எல்லாரும் முன்னாடி உக்காந்து பேசுங்க"ன்னாங்க.

பஸ்ல வர வழியெல்லாம் அவரு இவன மடில எதிர் பாக்க உக்கார வச்சு மரம், வண்டி, ஆடுன்னு காட்டிட்டே வந்தாரு. வெளில காத்து, பஸ் சத்தம், அதனால கத்தி கத்தி சொல்றாரு, பக்கத்து சீட்ல இருந்தவங்க திரும்பி பாக்கறாங்க, அவரு விடலை.

அத்தை இப்ப என்ன பண்றாங்கன்னா வேலிகிட்ட நின்னு அம்மூம்மாகிட்ட "பையனுக்கு முன்னாடி உக்காந்து பேசணுமாம்"னு தமிழ்ல விளக்கறாங்க, அவங்க மலையாளத்துல பதில் சொல்றாங்க. இன்னிக்கு காலைல அம்மூம்மா திண்ணைல அவன் எதிர்ல சப்பணம் போட்டு உக்காந்து பழம் குடுத்திருக்காங்க. திரும்பி வந்தவன் பாப்பா தொட்டில எட்டி பாத்துட்டு, என் தாடைய பிடிச்சு திருப்பி, "வாவ உறங்ஙி"ன்னான்.

பாப்பா தூங்கிட்டாளாம், ரெண்டு வார்த்தைங்க. காலண்டர்ல அத்தை தான் எழுதினாங்க.