புது அலமாரியில் கண் எரிச்சல்: ஃபார்மால்டிஹைடை எப்படி அளப்பது?

கேள்வி:
எம்டிஎஃப் (மரநாரைப் பசை சேர்த்து அழுத்திய) பலகையில் சமையலறை அலமாரி போட்டோம், கதவைத் திறந்தாலே கண் எரிகிறது. கேட்டால் "ஈ1 பலகைதான் சார்" என்கிறார் தச்சர். ஆன்லைனில் விற்கும் சின்ன மீட்டரை வாங்கி வைத்தால் உண்மை தெரியுமா?

பதில் 1:
வேண்டாம், சானிடைசர் வாடைக்கே அதில் எண் எகிறும். ஈ1 என்பது பலகையின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்கான ஆய்வுக்கூட அளவு. மூடிய அறைக்குள் கன மீட்டருக்கு ஒரு சதுர மீட்டர் பலகை, 23 டிகிரி, 45 சதவீத ஈரப்பதம், மணிக்கு ஒருமுறை காற்று மாற்றம். வாயுவின் அளவு நிலைபெற்றபின் காற்றில் கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் வீட்டில் வெயிலும் புழுக்கமும் அதைவிட அதிகம், பலகையில் உள்ள யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை ஈரத்தில் சிதைந்து வாயு கூடுதலாகவே வரும், அதனால் ஈ1 பலகை என்றாலும் எரிச்சல் வரலாம்.

பதில் 2:
சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆய்வகத்தைத்தான் கூப்பிட வேண்டும். டிஎன்பிஹெச் (ஃபார்மால்டிஹைடைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள்) பூசிய சின்னக் குழாய் வழியாகப் பம்பு வைத்துக் காற்றை இழுத்து, பிறகு ஹெச்பிஎல்சி என்ற ஆய்வகக் கருவியில் அளந்து பார்ப்பார்கள். முந்தைய இரவே சன்னலைச் சாத்திவையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு அரைமணி நேரச் சராசரிக்குக் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம்.

பதில் 3:
அப்புறம், வெட்டிய ஓரங்களையும் கீல் துளைகளையும் தடவிப் பாருங்கள். பழுப்பாக, சொரசொரவென்று இருந்தால் மூடவே இல்லை. வாயு அந்த வழியாக வெளியேறும், முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள்.