கார்பன் வரி வந்தால் மலையில் இருப்பவன் எதைக் குறைப்பான்?

கட்டபெட்டு தேயிலை:
விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திட்டுவதற்கு வருபவர்கள் தயவுசெய்து வேண்டாம். டொராண்டோவில் இருக்கும் என் அத்தான் போன வாரம் வீடியோ காலில் பேசும்போது, இந்தியாவிலும் கார்பன் வரி, அதாவது எரிபொருள் விடும் புகைக்கு ஏற்ற வரி, போடணும், பெட்ரோல், டீசல், கேஸ், கரண்ட் எல்லாம் விலை ஏறினால்தான் ஜனங்கள் திருந்துவார்கள் என்று ஆரம்பித்தார். அப்பா கேட்டது ஒரே கேள்வி, "உங்க ஊரில் அந்த வரி இருக்கிறதா மாப்பிள்ளை?" பொதுமக்கள் எரிபொருளுக்குக் கட்டின பகுதியை 2025 ஏப்ரல் 1-லிருந்து எடுத்துவிட்டார்களாம். அப்புறம் எங்களுக்கு மட்டும் எதற்கு உபதேசம் என்று பேச்சு சூடாகி, அத்தை போனை வாங்கி வைத்துவிட்டார்.

நீலகிரியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அப்பா ஒரு பழைய பிக்கப் ஓட்டுகிறார், கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு. ராத்திரியே கிளம்பி, செகண்ட் கியரிலேயே வளைவு வளைவாக இறங்கி, விடிவதற்குள் மண்டியில் இருக்க வேண்டும். அதற்கு பஸ்ஸும் ஆகாது, மலை ரயிலும் ஆகாது. டீசலை எங்கே குறைப்பது? கால நிலை மாறுவது பொய் என்று அப்பா சொல்லவே இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதையும் பார்த்தார், 2024 ஏப்ரலில் ஊட்டியிலேயே 29 டிகிரி அடித்ததையும் பார்த்தார். யார் செய்த வினைக்கு யார் கட்டுவது என்பதுதான் அவர் கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. நம்மைப் போன்ற ஒரு வீடு இதில் உண்மையிலேயே பொறுப்பாளியா, இல்லை சும்மா குற்ற உணர்ச்சியை ஏற்றுகிறார்களா?

கணக்கப்பிள்ளை:
முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், கோபம் அப்புறம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. டன்னுக்கு 1000 ரூபாய் வரி என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள். டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் 70 காசு ஏறும். வீட்டு சிலிண்டருக்கு 42 ரூபாய் பக்கம். கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் போய் வர எட்டு லிட்டர் என்றால் 22 ரூபாய் கூடுதல், ஒன்றரை டன் கேரட்டுக்குப் பிரித்தால் கிலோவுக்கு இரண்டு காசு கூட வராது. கனடாக்காரர்கள் 2024-ல் டன்னுக்கு 80 டாலர் வரை போனார்கள், நம் பணத்தில் ஐயாயிரத்துக்குப் பக்கம். அந்த விகிதத்தில்கூட ஏழெட்டு காசுதான். மண்டியில் கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் இதைவிடப் பல மடங்கு, அதற்கு யாரும் ஊரைக் கூட்டுவதில்லை.

இதை வரிக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. லிட்டருக்கு மூன்று ரூபாய் ஏறினால் யாரும் வண்டியை நிறுத்தப்போவதில்லை, ஏற்கெனவே பெட்ரோல் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரிதான், அதைக் கட்டிக்கொண்டுதான் சீசனில் குன்னூர் மலைப்பாதையில் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஆனால் அதே 1000 ரூபாயை அனல் மின்நிலையத்தில் போட்டால் கதை வேறு. நிலக்கரியில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது யூனிட்டுக்கு ஒரு ரூபாய். சோலாருக்கும் காற்றாலைக்கும் அந்த ஒரு ரூபாய் கிடையாது. மின்சாரம் வாங்குகிறவன் கணக்குப் பார்த்து மாறுவான், உங்கள் அப்பா கியர் மாற்றுவதைத் தவிர வேறு என்ன மாற்ற முடியும்?

பிக்கப் டிரைவர்:
கிலோவுக்கு இரண்டு காசு என்று எழுதுவது சுலபம் சார். கேரட் விலை விழுந்து கிடக்கிற நாளில் விவசாயி முதலில் கை வைப்பது வாடகையில்தான். டீசல் ஏறியது என்று நாங்கள் சொன்னால், பக்கத்து வண்டிக்காரன் பழைய ரேட்டுக்கே வருகிறான் என்பார்கள். அந்த 22 ரூபாய் எங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும். தினமும் ஒரு நடை இறக்குகிறவனுக்கு மாதம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள், டயர் தேய்மானமே எங்களுக்கு மலையில் தனி.

இலைக்காரன்:
டிரைவர் அண்ணன் சொன்னதுதான் தேயிலையிலும். ஃபேக்டரியில் இலை வாட்ட மின்விசிறி ஓடுவதே கரண்ட் செலவு. அதில் வரி ஏறினால் ஃபேக்டரிக்காரர் தூள் விலையை ஏற்ற முடியுமா? முடியாது, விலை குன்னூர் ஏலத்தில்தான் நிற்கிறது, அங்கே அஸ்ஸாம் தூளும் கென்யா தூளும் என்ன விலை போகிறது என்று பார்த்துத்தான் கை தூக்குகிறார்கள். மேலே ஏற்ற முடியாத செலவு கீழேதான் இறங்கும். தேயிலை வாரியம் ஏலச் சராசரியை வைத்து மாதா மாதம் பச்சை இலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது, அதுவே கைக்கு முழுசாக வருவதில்லை என்று எத்தனை வருடமாகப் போராட்டம். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை வேண்டும், தூளில் நாலு ரூபாய் குறைந்தால் இலையில் ஒரு ரூபாய் போய்விடும். வரியை யார் கவுண்டரில் கட்டுகிறார்கள் என்பது ஒன்று, கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பது வேறு. பேரம் பேச முடியாதவன் தலையில்தான் விழும்.

குந்தா ஓய்வு:
மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் வரி "வந்தால்" என்று பேசுகிறீர்கள். பெயர் வேறாக இருந்தாலும் இங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்தி செஸ் (தனி நோக்கத்துக்கான கூடுதல் வரி) போட்டார்கள். 2014-ல் 100, அடுத்த வருடம் 200, 2016-ல் 400. கரியில் ஒரு டன் எரிந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வரும், அப்படிப் பார்த்தால் டன் கார்பன் டை ஆக்ஸைடுக்கு ஏறக்குறைய 250 ரூபாய் வரி. உலகத்தில் பல நாடுகள் அதுகூடப் போடவில்லை. காற்றாலைக்கும் சோலாருக்கும் என்று சொல்லித்தான் வாங்கினார்கள், அதற்கென்று தேசிய நிதி ஒன்றும் வைத்தார்கள். அதில் பெரும் பகுதி அந்த வேலைக்குப் போகவே இல்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய், மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் செஸ்ஸாக மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, கரிக்கு ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். அது விலையைப் பார்த்துப் போடும் வரி, புகையைப் பார்த்து இல்லை. மட்டமான கரி மலிவு, மலிவுக்கு வரி குறைவு, விளங்குமா?

ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள், யார் கட்டுவது என்பதோடு கட்டினது எங்கே போகிறது என்றும் கேட்கச் சொல்லி. கனடாவில் மத்திய அரசின் அந்த வரி 2019-லிருந்து நடந்த மாகாணங்களில் குடும்பங்களுக்குப் பணம் திரும்பிக் கொடுத்தார்கள், முதலில் வருமான வரிக் கணக்கோடு, 2022 ஜூலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில். நேரடியாகக் கட்டினதைவிடத் திரும்பி வந்தது பெரும்பாலோருக்கு அதிகம் என்று அவர்கள் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குக் காட்டியது. கிராமத்தில் பஸ் இல்லை, தூரம் அதிகம் என்பதால் கிராமப்புறத்தாருக்கு 10 சதவீதம் கூடுதல், 2024-ல் அதை 20 ஆக்கினார்கள். மலைக்காரன் கேட்க வேண்டியது இந்தக் கூடுதல் பங்கைத்தான். அப்படிக் கொடுத்தும் வரி தோற்றது, ஏனென்றால் பெட்ரோல் பங்கில் ஏறும் விலை தினமும் கண்ணில் படும், வங்கியில் வருவது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னொன்று, குந்தா, பைக்காரா மின்நிலையங்கள் தண்ணீரில்தானே ஓடுகிறது, நம் மின்சாரத்தில் கரி இல்லையே என்று யாராவது வருவார்கள். பைக்காரா 1932-லிருந்து ஓடுகிறது, பெருமைதான். ஆனால் கம்பி ஒன்றுதான். நீங்கள் ராத்திரி கீசர் போட்டால் மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ கரி எரியும்.

லவ்டேல் வாசி:
தனிமனிதப் பொறுப்பு என்ற பேச்சே எனக்கு எரிச்சல். "கார்பன் காலடி" கணக்கை 2000-களின் நடுவில் விளம்பரம் போட்டு வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது பிபி என்ற எண்ணெய்க் கம்பெனி. எண்ணெய் விற்கிறவன், நீ எவ்வளவு புகை விட்டாய் என்று நம்மைக் கேட்கிறான்.

அதற்காக ஜனங்கள் நடத்தை மாறாது என்றும் சொல்ல மாட்டேன். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 2022 மே மாதத்திலிருந்து பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கையில். காட்டில் உடைந்த பாட்டில் யானைக் காலில் குத்துகிறது என்று உயர் நீதிமன்றம் நெருக்கின பிறகு வந்த ஏற்பாடு. குடித்தவர்கள் யாரும் திடீரென்று புத்தர் ஆகிவிடவில்லை. அவர்கள் வீசினாலும் ஸ்டிக்கர் ஒட்டின பாட்டிலைப் பொறுக்க ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்க இடம் இருக்கிறது, பணமும் அங்கேயே கைக்கு வருகிறது. கார்பனுக்கு இப்படி ஒரு கவுண்டரைக் காட்டுங்கள், நானே முதல் ஆளாக வரிசையில் நிற்கிறேன்.

ஆமாம், ஒரு இந்தியருக்கு வருடத்துக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்ஸைடு, கனடாக்காரருக்கு 14 டன் பக்கம். அத்தான் டொராண்டோவிலிருந்து ஒருமுறை வந்து போனால் அதுவே ஒரு இந்தியரின் ஒரு வருடக் கணக்கு. கனடாவில் அந்த வரி இருந்தபோதும் பன்னாட்டு விமானத்தின் எரிபொருளுக்குக் கிடையாது, அதையும் கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு இல்லை, கல்யாணத்துக்கு வரும்போது சாக்லேட் தருவார் பாவம்.

கணக்கப்பிள்ளை:
இரண்டு டன் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் சரியில்லை லவ்டேல் வாசி. அறைக்கு அறை ஹீட்டர் வைத்த ரிசார்ட்டும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறவரும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. வரி வேண்டாம் என்று ஏழையைக் காட்டிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் ரிசார்ட் பக்கம்தான்.

கட்டபெட்டு தேயிலை:
எல்லோருக்கும் நன்றி. குந்தா அய்யா சொன்ன கிராமப்புறக் கூடுதல் பங்கு அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, கரி செஸ் கதையைக் கேட்டதும் திரும்ப "பார்த்தாயா" என்று ஆரம்பித்துவிட்டார். வரியும் பங்கும் வரும்வரை காத்திருக்காமல், எங்கள் பக்கம் சாயங்காலத்துக்கு மேல் ஒரு மினி பஸ் விட்டால் அந்த நேரத்தில் பாதி டூவீலர் ரோட்டில் இருக்காது என்கிறார். 2024-லிருந்து மலையிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பஸ்ஸே இல்லாத நேரத்தில் கட்டணம் இல்லாமல் என்ன பயன்?

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கவாத்து அடித்த மிலாறை (வெட்டி விழுந்த குச்சியை) விறகாக எரிக்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

குந்தா ஓய்வு:
வராது. ஸ்வீடன் 1991-லிருந்து கார்பன் வரி வாங்குகிறது, விறகுக்கு அவர்களும் வாங்குவதில்லை. கவாத்து அடித்த செடி திரும்பத் துளிர்த்து அதே கார்பனை இழுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதல், அது தனி விஷயம், அடுப்படியில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.