மறு: 'ஸ்பில்' — ஒட்டுநிறம் என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் 'ஸ்பில்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தேன். எங்கே வருகிற சொல் என்று சொல்லாதது என் தப்புதான். அதனால் பாதிப் பேர் கடலில் எண்ணெய் கொட்டிய செய்திக்குச் சொல் தேடிக் கொடுத்திருக்கிறீர்கள். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். என் தேவை வேறு: படப்பிடிப்பில் வருகிற ஸ்பில்; அச்சுக்குப் போகிற எங்கள் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்.

எங்கள் கல்லூரியில் விஸ்காம் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் ஒரு பாட்டு எடுக்கிறார்கள். மூன்றரை நிமிடம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பூக்கட்டும் ஒரு பெண். அவள் கட்டுகிற மல்லிகைச் சரம் நீண்டு நீண்டு, சந்தையைத் தாண்டி, மேலூர் ரோட்டோடு போய் யானைமலையின் கழுத்தில் மாலையாக விழுகிறது. மலையை ஒத்தக்கடைப் பக்கம் நின்று விடிகாலையில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். பெண்ணைக் கல்லூரி அரங்கில் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்து, துணியை நீக்கிவிட்டு, மலைக்கு முன்னால் வைக்க வேண்டும். சினிமாக்காரர்கள் 'கிரீன் மேட்' என்பார்களே, அதுதான். நாங்கள் பச்சைத்திரை என்கிறோம். இதுவரை சண்டை இல்லை.

விளக்குத்தூண் பக்கம் கிளிப்பச்சையில் 12 மீட்டர் துணி வாங்கி, இஸ்திரி போட்டு, சுவரிலிருந்து தரை வரை இழுத்து விரித்தார்கள். அரங்கு குறுகல்; பெண் துணிக்கு மூன்றடி தள்ளித்தான் நிற்க முடிந்தது. துணியில் விழுந்த வெளிச்சம் திரும்பி அவள் மேல் அடித்தது. கழுத்தோரம், காதோரம், தரைத்துணியிலிருந்து கிளம்பித் தாடைக்கு அடியில், எல்லாவற்றையும் விடத் தலையில் வைத்திருந்த பூவில். வெள்ளைப் பொருள் எந்த நிறம் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லாது. மானிட்டரில் பார்த்தால் ஒரு முழம் மல்லி மரிக்கொழுந்தாகக் கிடந்தது. இந்தக் கோளாறுக்குத்தான் ஸ்பில் என்று பெயர்.

சரி, இனி வந்த மடல்களுக்கு.

> அப்படியே ஸ்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் பிள்ளைகள் பார்க்கப் போவது அந்தச் சொல்லைத்தானே?

கோவை அம்மா எழுதியது. நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். ஆனால் அரங்கில் விளக்குகளுக்கும் பெயர் உண்டு. முகத்தின் நிழல் பக்கத்தை நிரப்ப வைக்கும் விளக்கு 'ஃபில்'. நான் கேமரா பக்கமிருந்து "ஸ்பில் ஜாஸ்தியா இருக்கு, குறை தம்பி" என்று கத்த, உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓடிப்போய் ஃபில்லை அணைத்துவிட்டான். முகத்தில் பாதி இருட்டு. பச்சை அப்படியே இருந்தது. பையன் மேல் குற்றமில்லை. ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும். அன்றைக்கே முடிவு செய்தேன், இதற்கு வேறு சத்தத்தில் ஒரு சொல் வேண்டும் என்று. தமிழ்ப்பற்று அப்புறம் வந்ததுதான்.

> நிறச்சிந்தல்

பால் சிந்தும், அரிசி சிந்தும். பாத்திரத்தில் இருந்தது வெளியே விழுந்தால் சிந்தல். பெண்ணின் கன்னத்தைப் பார்த்து "பச்சை சிந்தியிருக்கு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அகராதியில் ஸ்பில் என்ற சொல்லுக்கு எதிரே இருந்ததை எடுத்து வைத்தது போல இருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

> நிறச்சிதறல் / நிறக்கசிவு

ஒளிச்சிதறலை இயற்பியல் எப்போதோ எடுத்துக்கொண்டாயிற்று. ராமன் 1928-இல் கண்டதும் அதில் ஒரு வகை. பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த அர்த்தத்தில்தான் படிக்கும். கசிவு நல்ல சொல், ஆனால் மூடியிருப்பதில் இடுக்கு வழியே ஊறி வருவதுதான் கசிவு. கேமரா மூடி சரியாகப் பொருந்தாமல் ஃபிலிமில் வெளிச்சம் ஏறினால், அதற்கு 'ஒளிக்கசிவு' என்று கச்சிதமாக இருக்கும். அதை இங்கே செலவழிக்க எனக்கு மனமில்லை.

> இது எதிரொளிப்பு. பெயரும் அதுவாகவே இருக்கட்டும்: பச்சை எதிரொளி.

திருமங்கலம் ஐயா, உங்கள் மடலில்தான் நான் அதிக நேரம் நின்றேன். இயற்பியல் பிசகவில்லை. ஆனால் ஐயா, அந்தப் படத்தில் எதிரொளி அல்லாதது எது? பெண்ணின் முகம் தெரிவதும் எதிரொளி, துணி தெரிவதும் எதிரொளி. ஒன்றின் நிறம் இன்னொன்றின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டதே என்ற புகார் அந்தச் சொல்லில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முடியிழைகளையும், வேகமாக அசைந்து மங்கிப்போன விரல்நுனியையும் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயும் பச்சை இருக்கும். அது துணியிலிருந்து திரும்பி வந்த ஒளியால் மட்டும் வந்ததல்ல. ஒரே புள்ளியில் பாதி முடியும் பாதித் துணியுமாகப் பதிவானதால் வந்தது. எடிட்டில் உட்காருகிறவனுக்கு இரண்டும் ஒரே தலைவலி, இரண்டுக்கும் ஒரே மருந்து. எதிரொளி என்று பெயர் வைத்தால் முடி வெளியே நின்றுவிடும். இந்தப் பாட்டில் முடிதான் பெரும்பாடு.

இப்போது என் சொல்லுக்கு வருகிறேன். என் சொல் என்று சொல்லிக்கொள்வதும் சரியில்லை.

அந்தப் பெண்ணுக்குத் துணையாக அவள் அப்பத்தா வந்திருந்தார். தலையில் இருந்த சரமும் அவர் கட்டிக் கொடுத்ததுதான். மதியம் வரை மூலையில் உட்கார்ந்திருந்தவர் மெல்ல எழுந்து வந்து மானிட்டரை எட்டிப் பார்த்தார். "என்னய்யா, பூவுல சாயம் ஒட்டிருக்கு?" என்றார். மட்டமான துணி, சாயம் போகிறது, பேத்தி சாய்ந்தபோது பூவில் பட்டுவிட்டது என்று அவருக்கு நினைப்பு. நேரே போய்ப் பேத்தியின் தலையைத் திருப்பி, ஒரு மொட்டை விரலால் தேய்த்தார். விரலில் ஒன்றும் வரவில்லை. பூவும் வெள்ளைதான். திரும்ப வந்து மானிட்டரைப் பார்த்தார், பச்சை. மறுபடியும் பூவைப் பார்த்தார். "நேர்ல வெள்ளையா இருக்கு, பொட்டியிலதான் ஒட்டியிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மல்லி வெள்ளை என்று மனசுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் கண் அந்தப் பச்சையைத் தள்ளிப் பார்த்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. இதை நான் வகுப்பில் அரை மணி நேரம் படம் போட்டு நடத்துவேன். அப்பத்தா நாலு எட்டில் முடித்துவிட்டார். அன்று சாயங்காலமே பிள்ளைகள் "அண்ணே, கழுத்துல ஒட்டுது", "இப்ப ஒட்டல" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. புதுச் சுங்குடிச் சேலையை முதல் தண்ணியில் தனியாக அலசு, மற்றதோடு போட்டால் ஒட்டிக்கும் என்பது இந்த ஊர் வீடுகளில் எல்லாரும் கேட்டு வளர்ந்த பேச்சுதானே.

அதனால்: ஒட்டுநிறம்.

ஒட்டுச்சாயம் என்று வைக்காததற்கு இரண்டு காரணம். சாயம் பொருள், இங்கே பொருள் எதுவும் இடம் மாறவில்லை, அப்பத்தா விரலால் தேய்த்தே நிரூபித்துவிட்டார். இரண்டாவது, இந்தக் குழுவை எனக்குத் தெரியும். வினைத்தொகையாகக் கொண்டால் ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது, 'ஒட்டுசாயம்' என்று எழுத வேண்டும் என்பீர்கள். ஒட்டு என்பதைப் பெயராகக் கொண்டால் ஒட்டுத்துணி போல மிகும் என்று இன்னொருவர் வருவார். பதினைந்து மடல் ஓடும். நிறம் என்றால் 'ந' வரிசை எழுத்தில் தொடங்குவதால் எப்படிப் பிரித்தாலும் ஒரே எழுத்துதான். ஒட்டிய நிறம், ஒட்டுகிற நிறம், ஒட்டும் நிறம் என்று மூன்று காலத்துக்கும் வினைத்தொகையாக நிற்கிறது.

'ஒட்டு' என்றால் வெட்டி ஒட்டுவது என்ற குழப்பம் வராதா, இரண்டு படத்தைச் சேர்ப்பதையே ஒட்டுப்படம் என்கிறோமே என்று காரைக்குடி ஐயா கேட்டிருந்தார். வரும். மறுக்கவில்லை. பின்னால் வரும் 'நிறம்' அதைச் சரிக்கட்டிவிடும் என்று நம்புகிறேன். ஒட்டுமாங்கனியைப் பார்த்து யாரும் பசை தேடுவதில்லை.

சொல்லுக்குள் 'பச்சை' வரக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பாட்டின் இரண்டாம் சரணத்தில் பெண் பச்சைப்பட்டு உடுத்தி வருகிறாள். சித்திரைத் திருவிழாவில் அழகர் பச்சைப்பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பாட்டின் வரியே அதன்மேல்தான் நிற்கிறது. வேறு நிறத்தில் சேலை கட்டச் சொல்ல முடியாது. பச்சைத்திரைக்கு முன்னால் பச்சைப்பட்டு கட்டினால் துணியோடு சேலையும் போய், தலையும் இரண்டு கையும் மட்டும் யானைமலைமேல் மிதக்கும். ஆகவே அந்தச் சரணத்துக்கு மட்டும் நீலத் துணி. (அனுமதிக் கடிதத்தில் 'நீலத்திரைப் படப்பிடிப்பு' என்று பிள்ளைகள் எழுதிக் கொடுக்க, அதைப் படித்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "என்ன படம் எடுக்கிறீங்க?" என்று கேட்டார். சொல்லாக்கத்தில் இதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.)

நீலத்தில் ஒரு வேடிக்கை. ஒட்டுநிறம் பூவில் இருந்தது, ஆனால் யாருக்கும் உறுத்தவில்லை. நீலம் போட்டு அலசிய வேட்டி கூடுதல் வெள்ளையாகத் தெரிகிற கதைதான். ஆனால் வேறு பக்கம் இடித்தது. பெரும்பாலான கேமராக்களில் சென்சார்மேல் இருப்பது கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் பெயரில் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு. அதில் நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பச்சையில் படம் சுத்தமாக வருவதற்கும், எல்லாரும் பச்சைத்திரைக்குப் போனதற்கும் இது ஒரு பெரிய காரணம். நீலத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஏறும். வெளிச்சம் கூடுதலாக வேண்டும். இரண்டு விளக்கு இரவல் வாங்கினோம்.

பச்சைக்குத் திரும்புகிறேன். ஒட்டுநிறத்தைக் குறைக்க அரங்கிலேயே செய்வது பாதி வேலை. மறுநாள் மேசை நாற்காலிகளை வெளியே போட்டுப் பெண்ணைப் பத்தடி முன்னால் கொண்டுவந்தோம். தரைத்துணியைச் சுருட்டி வைத்துவிட்டு முழங்காலுக்கு மேல் சட்டகம் வைத்தோம். சட்டகத்தில் தெரியாத பச்சையை எல்லாம் கறுப்புத் துணியால் மூடினோம். துணி ஏது? விடுதியில் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன்களின் பழைய வேட்டிகள். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

மீதி எடிட்டில். அங்கே நடப்பது எளிய கணக்கு: ஒரு புள்ளியில் பச்சையின் அளவு சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டினால், தாண்டியதை வெட்டிவிடு. முதல் நாள் எடுத்த மல்லி இதழில் ஒரு புள்ளியைப் பார்த்தோம். 0 முதல் 255 வரை போகிற அளவில் சிவப்பு 205, பச்சை 232, நீலம் 190. சராசரி கிட்டத்தட்ட 198. பச்சையை 198-க்கு இறக்கினால் நிறம் சரியாகிவிட்டது. ஆனால் பூ வாடிவிட்டது! கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வில் 70 சதவீதத்துக்கு மேல் பச்சையின் பங்கு; அதை வெட்டினால் வெளிச்சமும் சேர்ந்து இறங்கும். 223 இருந்த ஒளிர்வு 199-க்கு வந்தது. காலையில் கட்டிய சரம், எடிட்டில் நேற்றைய சரம் போல ஆகிவிட்டது. குறைந்த வெளிச்சத்தைத் தனியாகத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பூ எழுந்தது.

இதனால் 'ஒட்டுநிறம் நீக்கல்' என்று சொல்ல எனக்குத் தயக்கம். முழுக்க நீக்கினால் பூ செத்துவிடும். காய்ச்சல் தணிகிற மாதிரி தணித்தால் போதும். ஆகவே 'ஒட்டுநிறத் தணிப்பு'.

கையேட்டில் இப்படிப் போடலாம் என்று இருக்கிறேன்:

ஒட்டுநிறம்: பின்னணித் திரையின் நிறம், எதிரொளியாலோ ஓரங்களில் கலந்து பதிவாவதாலோ, முன்னே நிற்கும் ஆள் அல்லது பொருளின்மேல் படத்தில் தெரிவது. 'கழுத்தோரம் பச்சை ஒட்டுநிறம் இருக்கிறது.'

ஒட்டுநிறத் தணிப்பு: அதைக் குறைத்து, இழந்த ஒளிர்வை ஈடுகட்டுவது.

திருமங்கலம் ஐயாவுக்காக வரையறைக்குள் எதிரொளியை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை மறுப்புக்குக் காத்திருப்பேன். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பி.கு.: கேமரா நகரும்போது அசைவைக் கணக்கிடத் துணியில் ஒட்டும் புள்ளிகளுக்கு 'தடங்காண் குறியீடு' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையைத்தான் அதற்குப் பயன்படுத்தினோம். அன்று முதல் அரங்கில் "பொட்டு வெச்சாச்சா?", "முடிக்குப் பின்னாடி பொட்டு வைக்காதே, அழிக்க முடியாது" என்றுதான் பேச்சு. ஆகவே கையேட்டில் 'பொட்டு' என்றே அடித்துவிட்டேன். அதற்கு இழை தொடங்க வேண்டாம்.