வேளிமலைக் குறுக்கு வழியை முள் போட்டு அடைத்தது சரியா?

வேளிமலை நடையன் (இழையைத் தொடங்கியவர்)

போன ஞாயித்துக்கிழமை எங்க மலையேற்றக் குழு செஞ்ச வேலைக்கு ஊர் வாட்சாப் குரூப்பில ஒரே ஏச்சு. குட்மார்னிங் படத்துக்கு நடுவில எதையும் விளக்க முடியல்ல, அதான் இங்க எழுதுதேன்.

கன்னியாகுமரி மாவட்டத்து வேளிமலைச் சரிவில ரப்பர் தோட்டம் முடியுற இடத்திலேருந்து சாஸ்தா பாறை வரைக்கும் பழைய ஒத்தையடிப் பாதை ஒண்ணு உண்டு. 2017-ல ஒக்கி புயல் அடிச்சப்போ மரம் விழுந்து அடைஞ்சு போச்சு. மறு வருஷம் பதினோரு பேரு வெட்டுகத்தியும் கைவாளுமா போயித் திறந்தோம். அன்னையிலேருந்து ஜூன்ல வாற இடவப்பாதி மழைக்கு முன்னால ஒருக்கா, ஐப்பசி மழைக்கு முன்னால ஒருக்கா செடி வெட்டி, மண்ணு தூர்ந்த இடத்தைத் தோண்டி விடுதோம். கூலி கிடையாது. மரச்சீனியும் கட்டன்சாயாவும்தான்.

பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏறும். மூணாவது வளைவில நேரே ஏறி இறங்கிக் குறுக்கு வழி ஒண்ணு விழுந்துட்டு. நம்ம சரளை மண்ணில நேர்வழி விழுந்தா மழைவெள்ளம் அதையேதான் பிடிக்கும். இப்போ முட்டளவு ஓடை, கீழ உள்ள வளைவையும் அரிச்சுட்டு. அதனால குறுக்கு வழியோட கீழ்வாயில முள்ளு வெட்டிப் போட்டோம். ஆளு வழி தவறக்கூடாதுன்னு வளைவுப் பாறையில மஞ்சள் பெயிண்டில அம்புக்குறி போட்டோம். இதுக்குத்தான் "மலையை எழுதி வாங்கிட்டியளா"ன்னு கேள்வி.

பால்வெட்டு வீடு

கேட்டது நான்தான் அண்ணே. இங்கயும் கேக்குதேன்.

"குறுக்கு வழி விழுந்துட்டு"ன்னு எழுதியிருக்கிய. அது தானா விழல்ல. எங்க அம்மையும் பக்கத்து வீட்டு மாமியும் நாப்பது வருஷமா புல்லுக்கட்டோட இறங்குற வழி. தலையில கட்டை வச்சுக்கிட்டு உங்க வளைவில திரும்பிப் பாருங்க, ரெண்டு பக்கமும் கொப்பு தட்டும்.

செவ்வாக்கிழமை அம்மை தோட்டத்து வழியா ஏறிப் புல்லறுத்துட்டு இந்த வழியா இறங்கியிருக்கா. கீழ வந்தா முள்ளு. இருட்டிட்டு வருது. கட்டை அங்கயே போட்டுட்டுத் திரும்ப ஏறி, சுத்தி, வீடு வந்து சேர ஏழரை மணி. பசுமாட்டுக்கு அன்னைக்கு வைக்கோல்தான். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்து பத்தரைக்கு இறங்குற உங்க கண்ணில சாயங்காலம் இறங்குறவ எப்படிப் படுவா?

சாயாக்கடை மேசை

அந்த மஞ்சள் அம்பைப் பாத்தேன். எவனோ ஒரு பய அதைச் சுத்தி இதயம் வரைஞ்சு ரெண்டு பேரு எழுதியிருக்கான். அம்பு ஏற்கெனவே குத்தி நிக்கிறதால அவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஜண்டாக்கல்

வனத்துறையில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று தெரியவேண்டும். மூன்றாவது வளைவு ஜண்டாவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? (தெரியாத பிள்ளைகளுக்கு: காட்டு எல்லையில் கல் அடுக்கிக் கட்டியிருப்பதுதான் ஜண்டா.) அந்தப் பக்கம் என்றால் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் அங்கே நுழைந்து கொப்பு வெட்டினால் குற்றம். நல்ல எண்ணத்துக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை.

2018 மார்ச் 11 குரங்கணி ஓர்மை இருக்கிறதா? தேனிப் பக்கம் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழித்தடங்களைத் திறந்தது. நம் மாவட்டத்தில் காளிகேசம் உண்டு. இணையத்தில் பதிந்து, வழிகாட்டியோடு போகவேண்டும். வழிகாட்டிகள் மலையோர ஊர்ப் பிள்ளைகள், பழங்குடிப் பிள்ளைகள். நடக்க ஆசை என்றால் அங்கே போகலாமே?

வேளிமலை நடையன்

காளிகேசம் போக வர ஒரு நாள் போவும் சார். எங்க வீட்டுக்குப் பின்னால உள்ள மலையில நடக்கிறதும் அதுவும் ஒண்ணா?

ஜண்டா விஷயம்: மூணாவது வளைவு சரியா ஜண்டா பக்கத்திலதான். முதல் ரெண்டு வளைவு பட்டா நிலம். வனத்துறை ஆபீசில வாய்மொழியா கேட்டோம், "பாத்துச் செய்யுங்க"ன்னாங்க.

ஜண்டாக்கல்

"பாத்துச் செய்யுங்க" என்பது அனுமதி இல்லை தம்பி. பின்னால் ஏதாவது ஆனால் "பாத்துத்தானே செய்யச் சொன்னேன்" என்று கைகழுவ வைத்திருக்கும் வார்த்தை. நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

தக்கலைக்காரி

நான் நர்ஸ். முப்பத்தாறு வயசில முதல்தடவை மலை ஏறினேன், இந்தக் குழுவோடதான். பொம்பள தனியா மலைப்பக்கம் போனா நம்ம ஊரில "எதுக்கு?"ன்னு கேப்பாங்க. பத்து பேரோட தொப்பி போட்டுப் போனா கேக்கமாட்டாங்க. அதுக்காகவே இந்தக் குழு இருக்கணும்.

பால்வெட்டு வீட்டுத் தம்பியோட அம்மையிட்டயும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. தலையில கட்டு இருக்கே. அவங்களுக்கு அந்தக் கட்டு, எனக்கு இந்தக் குழு. அதனால அவங்க வழியை அடைச்சது எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. அன்னைக்கு முள்ளு வெட்டினதில நானும் உண்டு.

ஆனா எங்க குழு வெளியூர் ஆளுங்களை முன்னூறு ரூவாய்க்குக் கூட்டிட்டு வந்து ரீல்ஸ் எடுக்கிறது எனக்குப் பிடிக்கல்ல. குழுக் கூட்டத்திலயும் சொன்னேன், என் பக்கம் ரெண்டு பேருகூட சேரல்ல.

பால்வெட்டு வீடு

அக்கா சொன்ன அந்த ரீல்ஸ்தான் எனக்குப் பயம். மருந்துவாழ் மலையைப் பாருங்க. நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை இருக்கிற மலை. இப்போ விடியக்காலம் சூரியனைப் பாக்க ஏறுறவன் தண்ணி பாட்டிலைக் கீழ கொண்டு வாறானா? வழி நல்லா இருக்குன்னு தெரிஞ்சா எங்க மலைக்கும் வருவான்.

வேளிமலை நடையன்

சிதறாலையும் பாரும். மலைமேல சமணச் சிற்பம் வரைக்கும் கல்பாதை போட்டிருக்கு, வயசானவிய கூட பைய ஏறுதாவ. பாதை நல்லா இருந்தா ஆளு பாதையிலதான் நடப்பான். மோசமா இருந்தாத்தான் காட்டுக்குள்ள இறங்கிப் புதுசா மிதிப்பான். கூட்டம் வருமேன்னு பாதையை அழிய விட்டா ஓடைதான் மிஞ்சும், அதில உங்க அம்மையும் இறங்க முடியாது.

பால்வெட்டு வீடு

சிதறால் பாதையில புல்லுக்கட்டு இறங்குதா அண்ணே?

ஜண்டாக்கல்

இரண்டு பேருமே பாதி சரி. முள் போட்டது வேலை தெரியாத வேலை. முள்ளைக் கண்டவன் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே இன்னொரு வழி மிதிப்பான், ஒரு ஓடை இரண்டு ஓடையாகும். தண்ணீரைத்தான் தடுக்கவேண்டும், ஆளை அல்ல. நீளக் கல்லைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாக, பாதிக்கு மேல் மண்ணில் புதைத்துப் பதியுங்கள். தண்ணீர் கல்லை ஒட்டி ஓரமாக வெளியே போகும். பத்தடிக்கு ஒன்று. வெளிவாயில் சேரும் மண்ணை மழைக்கு முன்னால் தோண்டிவிட்டால் போதும்.

வேளிமலை நடையன்

ரெண்டாவது வளைவில அப்படித்தான் சார் செஞ்சிருக்கோம், நாலு மழை தாங்கிட்டு. குறுக்கு வழி குத்துச் சரிவு. அதில சாய்வுக்கல்லு நிக்காது, பக்கத்து மண்ணை அரிச்சுட்டு கல்லே உருண்டு வரும். அங்க படிதான் வைக்கணும். இருபது படியாவது வேணும். கல்லு சுமக்க யாரு வாறாவ? புல்லறுக்க வாற வீட்டிலேருந்து ரெண்டு பேரு வந்தா நாளைக்கே முள்ளை எடுத்துருவேன்.

பால்வெட்டு வீடு

முள்ளை நேத்தே எடுத்தாச்சு, நானும் அம்மையும். படத்தைக் கீழ போட்டிருக்கேன்.

கல்லு சுமக்க நான் வாறேன், அம்மையோட தம்பியும் வருவாரு. ஆனா படி உயரம் ஒரு சாணுக்கு மேல கூடாதுன்னு அம்மை சொல்லுதா. கட்டோட இறங்கும்போ காலு கண்ணில படாதாம், பழக்கத்திலதான் வைக்கணுமாம். எல்லாப் படியும் ஒரே உயரமா இருக்கணுமாம். அப்புறம் அந்த மஞ்சள் பெயிண்டை அழியுங்க.

வேளிமலை நடையன்

ஒரு சாண், சரி. பெயிண்டை அழிக்கமாட்டேன். போன வருஷம் மங்கின நேரத்தில ரெண்டு பயலுவ வழி தெரியாம பாறையில உக்காந்து அழுதது எனக்குத்தான் தெரியும். இதயத்தை வேணும்னா கம்பிப் பிரஷ் போட்டு எடுக்குதேன். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வாங்க.

பால்வெட்டு வீடு

ஞாயித்துக்கிழமை அம்மைக்கு சர்ச். அம்மை நிக்காம படி வைக்க வேண்டாம். சனிக்கிழமை வையுங்க.

வேளிமலை நடையன்

சனிக்கிழமை எங்க ஆளுங்களில பாதிப்பேருக்கு வேலை நாளு.

பால்வெட்டு வீடு

அம்மைக்கும்தான்.

ஜண்டாக்கல்

எந்தக் கிழமையானாலும் முதலில் எழுத்தில் மனு கொடுங்கள். படி ஜண்டாவுக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று அளந்து எழுதவேண்டும். எழுதினதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.