ராத்திரியில் முன்னால் ஓடிய பீக்

பாயான் லெப்பாஸிலிருந்து:

நிலவேம்பு கேப்சூல், நான்கு பேட்ச். இங்கே ஹெம்பெடு பூமி என்று விற்கிறார்களே, அதுதான். அதன் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு எவ்வளவு இருக்கிறது என்று எச்.பி.எல்.சி.யில் (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். பகலில் ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த சுத்தப் பொருள்) போட்டேன், 7.8 நிமிடத்தில் அதன் பீக், அதாவது திரையில் எழும் முகடு, ஊசி மாதிரி நின்றது. சாயங்காலம் சாம்பிள்களை வரிசையாக ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் வந்தால், கடைசி இரண்டு பேட்சுக்கு ‘கண்டறியப்படவில்லை’ என்று ரிசல்ட். நாக்கில் வைத்தாலே முகம் கோணுகிற கசப்பு, அதில் ஒன்றுமே இல்லையாம்!

பீக்குகள் விழும் வரைபடமான குரோமட்டோகிராமைத் திறந்தேன். பீக் இருக்கிறது, ஆனால் 7.3-இல். நான் கொடுத்திருந்த நேர வரம்பைத் தாண்டிப் போனதால் சாப்ட்வேர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு நாள் வீண். மொபைல் ஃபேஸைப் (சாம்பிளைத் தள்ளிக்கொண்டு ஓடும் கரைப்பான் கலவை) புதிதாகக் கலக்கினேன், பம்பைக் கழற்றிக் கழுவினேன், சி-18 காலத்தையே மாற்றினேன் (நேரத்தைச் சொல்லவில்லை, பொருள்களைப் பிரிக்கிற அந்த எஃகுக் குழாயைச் சொல்கிறேன்). பகலில் எல்லாம் சரி. ராத்திரியில் மறுபடியும் அதே ஓட்டம்.

கடைசியில் எங்கள் சீனியர் அக்காதான் கேட்டார்: “தம்பி, ராத்திரி ஏர்கோன் ஓடுதா?”

ஓடாது. எட்டு மணிக்குக் கட்டடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அறை 31 டிகிரிக்கு ஏறிவிடும். காலம் ஹீட்டரை நான் 25-இல் வைத்திருந்தேன். எங்களுடையது சூடாக்கத்தான் செய்யும், குளிர்விக்காது. சூடு ஏறினால் பீக் சீக்கிரம் வந்துவிடும்.

40-க்கு ஏற்றினேன். இப்போது பக்கத்துப் பீக் வந்து ஒட்டிக்கொண்டது, ரெசல்யூஷன் (இரண்டு பீக்குகள் எவ்வளவு பிரிந்து நிற்கின்றன என்ற அளவு) 1.5-க்குக் கீழே; அதற்கு மேல் இருந்தால்தான் நன்றாகப் பிரிந்ததாகக் கணக்கு. மொபைல் ஃபேஸில் உள்ள கரைப்பானான அசிட்டோநைட்ரைலை 32 விழுக்காட்டிலிருந்து 29-க்கு இறக்கியதும் பிரிந்தது. அப்புறம் மூன்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

எரிச்சல் என்னவென்றால், விடை முதல் நாளே திரையில் இருந்திருக்கிறது. மற்ற பீக்குகளெல்லாம் முன்னால் வந்திருந்தன, ஆரம்பத்தில் வருகிற கரைப்பான் பீக் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பம்ப் கோளாறு என்றால் அதுவும் நகர்ந்திருக்கும். பம்பைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து:

அண்ணே, நடுவில் ஸ்டாண்டர்டு போடவில்லையா?

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. மூட்டுவலி மாத்திரை ஒன்று வந்தது, லேபிளில் வெறும் மூலிகைகள், பதிவெண் கடைசியில் ‘டி’ (T) கூடப் போட்டிருந்தது, பாரம்பரிய மருந்து என்று. ஆங்கில மருந்து கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் டெக்சாமெத்தாசோன் (ஸ்டீராய்டு), டைக்ளோஃபெனாக் (வலி நிவாரணி) இரண்டையும் தேடினோம். ஸ்டாண்டர்டு ஓட்டும்போதே தகராறு. டெக்சாமெத்தாசோன் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. டைக்ளோஃபெனாக் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில்.

இரண்டும் சேர்ந்து நகராததால் சூட்டைச் சந்தேகப்படவில்லை. டைக்ளோஃபெனாக் அமிலம், அதன் பி.கே.ஏ. (பாதி அயனியாகி நிற்கும் பி.எச்.) 4-ஐ ஒட்டி. நாங்கள் வைத்திருந்த பஃபரும் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) பி.எச். 4. பஃபர் கலக்கும்போது 0.1 கூடினால்கூட அயனியாகும் அளவு மாறும், பீக் நகரும். டெக்சாமெத்தாசோனுக்கு அந்தக் கவலை கிடையாது. 0.1 விழுக்காடு ஃபார்மிக் அமிலத்துக்கு மாறினோம், பி.எச். 2.7 வரும், அங்கே டைக்ளோஃபெனாக் அயனியாவது மிகக் குறைவு. டைக்ளோஃபெனாக் ரொம்பத் தாமதமாக வந்தது, கிரேடியன்ட் (ஓட்டத்தின் நடுவே கரைப்பானின் வலுவைக் கூட்டுவது) போட்டுத்தான் இழுக்க வேண்டியிருந்தது. ஆனால் இடம் மாறவில்லை. அந்த மாத்திரையில் இரண்டுமே இருந்தன.

பாயான் லெப்பாஸிலிருந்து:

ஸ்டாண்டர்டு பற்றிக் கேட்காதீர்கள் தம்பி, அக்காவும் அதைத்தான் முதலில் கேட்டார். இப்போது ஆறு சாம்பிளுக்கு ஒன்று போடுகிறேன்.

ஜோர்ஜ்டவுனிலிருந்து:

என் பீக் நகரவில்லை, தலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. காலம் புதுசு. சாம்பிளைச் சுத்த மெத்தனாலில் கரைத்து 20 மைக்ரோலிட்டர் ஏற்றுகிறேன். மொபைல் ஃபேஸில் பாதிக்கு மேல் தண்ணீர்.

கோலாலம்பூரிலிருந்து:

மெத்தனால் உங்கள் மொபைல் ஃபேஸைவிட வலுவான கரைப்பான், அது பீக்கைப் பிளக்கும். 5 மைக்ரோலிட்டர் ஏற்றிப் பாருங்கள் அக்கா. இல்லையென்றால் மொபைல் ஃபேஸிலேயே கரையுங்கள்.

ஜோர்ஜ்டவுனிலிருந்து:

5-இல் ஒற்றைத் தலைதான். இதற்காகவா புதுக் காலம் வாங்கினேன்!