சாட்சி சொல்லப் போய் (இயேசுவைப் பற்றிப் பிறரிடம் பேசப் போய்) மறக்க முடியாமல் போன சந்திப்பு: உங்களுக்கு உண்டா?

கடுகுவிதை:
அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அக்கா. அவருடைய அப்பா ஐசியூவில். நாமெல்லாம் சொல்வதைத்தான் நானும் சொன்னேன், “ஜெபத்துல நினைச்சுக்கறேன் அக்கா” என்று. அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். “அப்புறம் எதுக்கு? இப்பவே பண்ணு, நான் கேக்கணும்.” சுற்றிலும் ஆட்கள், யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடி ஏதோ ஜெபித்தேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்தால், அவர் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா பிழைக்கவில்லை. அக்கா என்னிடம் பழையபடிதான் பேசுகிறார். அந்த ஜெபத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

ஜன்னலோரம்:
ரயிலில் எதிரே இருந்த பெரியவரிடம் வேத வசனம் அச்சிட்ட கைப்பிரதி ஒன்று கொடுத்தேன். பெரும்பாலும் மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். இவர் இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார், சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தார், ஓரிடத்தில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். “யோவான் 3:16ன்னு போட்டிருக்கு. இந்த வசனம் 3:36.” பார்த்தேன், ஆமாம். தேவ அன்பைச் சொல்லும் எண்ணைப் போட்டு, தேவ கோபத்தைச் சொல்லும் வசனத்தை அச்சடித்திருக்கிறார்கள்! எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “எங்கப்பா போதகர்” என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். “எங்கப்பா” என்றாரே தவிர, தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம்பெஞ்ச்:
ஜன்னலோரம், இதனால்தான் கைப்பிரதியை விடுங்கள் என்கிறேன். 1 பேதுரு 3:15 என்ன சொல்கிறது? உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள், அதையும் சாந்தத்தோடு சொல்லுங்கள் என்று. கேட்கிறவனுக்கு! முதலில் வாழ்ந்து காட்டுங்கள், அவர்களாகவே கேட்பார்கள். முதல் சந்திப்பிலேயே பாவம், நரகம் என்று போகாதீர்கள். ‘இரத்தத்தால் கழுவப்பட்டேன்’ போன்ற சபைப் பேச்சு வெளியாளுக்குப் புரியாது, பயந்துவிடுவார். உங்கள் சாட்சியைச் சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள், பாதி நேரம் உங்கள் பழைய பாவத்தையே வர்ணிக்காதீர்கள். கடுகுவிதை, நீங்கள் அப்பா இறந்த பிறகு அந்த அக்காவிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், இப்போதும் தாமதமில்லை, லாசருவின் மரணத்தைச் சொல்லும் யோவான் 11லிருந்து ஆரம்பிக்கலாம். என் அனுபவம் என்றால், கல்லூரி அறைத்தோழன் ஒருவன் நான் வேதம் வாசிப்பதைப் பார்த்துத் தானாகக் கேட்டான். சொன்னேன். அவ்வளவுதான்.

வெளியாள்:
நான் கிறிஸ்தவன் இல்லை, எதிர்முனை அனுபவம் ஒன்று. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மூன்று பேர் படுக்கை படுக்கையாக வந்தார்கள். ஒருவர் அம்மாவிடம், “இன்னிக்கு ராத்திரி நீங்க இறந்துட்டா எங்க போவீங்கன்னு தெரியுமாம்மா?” அம்மா யோசிக்கவே இல்லை. “எதுக்கு சாகணும்? காலைல டிஸ்சார்ஜ், வீட்டுக்குத்தான் போவேன்.” பக்கத்துப் படுக்கையில் சிரித்துவிட்டார்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? கூட வந்த பெண் ஒன்றும் பேசாமல் அம்மாவின் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அம்மா இன்னும் அவளைப் பற்றித்தான் கேட்கிறார்.

பழையவேதம்:
வெளியாள், அது அவர் சொந்தமாகக் கேட்டதாக இருக்காது. 1962ல் அமெரிக்காவில் டி. ஜேம்ஸ் கென்னடி என்ற போதகர் தொடங்கிய சுவிசேஷப் பயிற்சியால் பரவிய கேள்வி. வீடு வீடாகப் போய்க் கேட்க மனப்பாடம் செய்வார்கள். மருத்துவமனையில் கேட்கக்கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஆனால் மூன்றாம்பெஞ்ச் சொல்வதையும் ஏற்க முடியவில்லை. அப்போஸ்தலர் 8ல், ரதத்தில் வேதம் வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரி, சுவிசேஷகர் பிலிப்பைக் கூப்பிட்டாரா? பிலிப்புதான் ரதத்துக்குப் பக்கத்தில் ஓடிப் போய், வாசிப்பது புரிகிறதா என்று கேட்டார். மந்திரி ஏறி உட்காரச் சொன்னது அதற்குப் பிறகு. அப்போஸ்தலர் பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) நகரத்துச் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தினமும் பேசினார். சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வண்டி பழுது பார்க்கிறவர் நான் கேட்காமலேதான் ஆரம்பித்தார். கையெல்லாம் கிரீஸ். “தம்பி, நேத்து ராத்திரி உனக்காக ஜெபிச்சேன்” என்றார். என் பேர்கூட அவருக்குத் தெரியாது. அவர் நான் கேட்கட்டும் என்று காத்திருந்தால், நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

மூன்றாம்பெஞ்ச்:
பிலிப்பை ஆவியானவர் அனுப்பினார். உங்களை யார் அனுப்பினார்?

ஜன்னலோரம்:
சண்டை போடாதீர்கள் ஐயா. மீதிக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே எண்தான். பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறேன். அச்சிட்டவர்களுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.