கால் வராத யானை

ஜக்தல்பூர் போகிற வழியில் கொண்டாகாவில் இறங்கினேன். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் டோக்ரா என்ற பித்தளைப் பொம்மை வார்ப்பு செய்யும் கட்வா சமூகக் குடும்பங்கள் வாழும் ஊர். ஒரு யானை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முற்றத்தில் ஒரு அம்மா தேன்மெழுகை இழை இழையாகப் பிழிந்துகொண்டிருந்தார். மரக்குழாயில் மெழுகை அடைத்து அழுத்தினால் துளை வழியாக நூல் போல இறங்குகிறது. நம் வீட்டு இடியாப்ப உழக்கேதான்! உமி கலந்த களிமண்ணில் யானை உடம்பு முன்பே செய்து காயவைத்து, அவரைக்கொடி இலையால் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள். அதன்மேல் இழையை நெருக்கி நெருக்கிச் சுற்றினார். தும்பிக்கை வந்ததும் கை நிதானமானது. டோக்ரா பொம்மைகளில் இருக்கும் வரிகளை உளியால் செதுக்கியவை என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஒவ்வொரு வரியும் ஒரு மெழுகு நூல்.

அப்புறம் அதன்மேல் நைசான மண், அதற்கும் மேலே முரட்டு மண். சூளைச் சூட்டில் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் பித்தளை போய் நிற்கும்.

முதல் நாள் வார்த்து ஆறவிட்ட நான்கு அச்சுகளைப் பெரியவர் தட்டி உடைத்தார். மூன்று யானைகள் முழுசாக வந்தன. நான்காவதற்கு முன்னங்கால் ஒன்று முழங்காலோடு நின்றுவிட்டது. பித்தளை பாதம்வரை போவதற்குள் இறுகிவிட்டதாம். மெழுகும் இல்லை, அச்சும் இல்லை; மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அதைப் பழைய பித்தளைக் குவியலில் போடப் போனவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். உலோகத்தின் எடைக்கு மட்டும்தான் காசு வாங்கினார். என் மேஜையில் இப்போது இருப்பது அந்த யானைதான்.

•

நான் கும்பகோணம். சுவாமிமலைப் பட்டறைகளைப் பார்த்தே வளர்ந்தவன். அங்கேயும் தேன்மெழுகு, குங்கிலியம்தான். ஆனால் நம் சாமி சிலைகளை உள்ளே முழுக்க உலோகமாக, கனமாக வார்ப்பார்கள். டோக்ராவில் உள்ளே மண், வெளியே பித்தளைத் தோல்.

இவ்வளவு தெரிந்தும் ஏமாந்தேன். ஒரு கண்காட்சியில் 'பஸ்தர்' என்று எழுதி வைத்திருந்த ஜோடிக் குதிரைகளை வாங்கினேன். வீட்டில் அருகருகே வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. இரண்டிலும் இடது காதுக்குப் பின்னால் ஒரே இடத்தில், ஒரே அளவுக்கு ஓர் இழை விலகியிருந்தது. கையால் சுற்றினால் அப்படி அமையவே அமையாது. ஒரே மூலத்திலிருந்து எடுத்த நகல்கள். மனசு விட்டுப்போயிற்று. பணத்தைவிட, அந்த முற்றத்தில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களுக்குப் போக வேண்டியது போகவில்லையே என்றுதான் வருத்தம். ஜோடியாக வாங்குகிறவர்கள் தயவுசெய்து இரண்டையும் பக்கத்தில் வைத்து இழைகளைப் பாருங்கள்.

அப்புறம் கொண்டாகாவிலிருந்தே வந்திருந்த ஒருவரிடம் ஒரு காளை வாங்கினேன். அதன் திமிலில் ஓர் இழை லேசாக நசுங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தால் அங்கே ஒரு விரல் ரேகை தெரிகிறது.